மூணாவது பிரஸ்ஸிங்

ஞானக் கதைன்னதும் நீங்க என்ன எதிர்பாக்கறீங்கன்னு தெரியாதா.

ஒரு காடு. ஒரு குடிசை. நெஞ்சு வரைக்கும் தாடி வெச்ச குரு. சிஷ்யன் வந்து கால்ல விழுவான். குரு கண்ணை மூடுவாரு, ரொம்ப நேரம் கழிச்சுத் தொறப்பாரு, அடிவயித்துலேருந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாரு. எங்கயோ புல்லாங்குழல் கேக்கும்.

நிமித்தி வெச்ச முதுகையெல்லாம் கொஞ்சம் தளத்திக்கங்க.

இதுல காடு இருக்கு. காப்பித் தோட்டம்னு பேரு. தாடியும் இருக்கு, ஆனா அது சிஷ்யனோடது. குருவுக்கு வயசு நாப்பத்தொண்ணு. கழுத்துல விசிலு, கால்ல கேன்வாஸ் ஷூ. பேரு ஹெப்சிபா. ஏற்காட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர்.

சிஷ்யன் கால்லயும் விழல. அம்பத்தேழு வயசு. முட்டி ஒத்துக்காது.

புல்லாங்குழலுக்கு ஏற்பாடு பண்ண முடியல.

சிஷ்யன் உள்ள வந்ததும் வராததுமா கேட்டாரு.

"டீச்சர், இங்கிலாந்தா, ஜப்பானா?"

டீச்சர் திருப்பிக் கேட்டாங்க.

"காப்பியா, டீயா?"

*

சிஷ்யன் பேரு குணசீலன். சேலத்துல ஜவ்வரிசி கமிஷன் வியாபாரம். மண்டியில அவருக்கு நல்ல பேரு. ஜவ்வரிசியினால இல்ல, மிமிக்ரியினால.

ஏலம் கூவறவரு லீவு போட்டா, இவரு அவரு குரல்லயே கூவி முடிச்சுட்டு வந்துருவாரு. சரக்கு எடுக்க வந்த லாரிக்காரங்களுக்கு வித்தியாசமே தெரியாது. இருமிக்கிட்டே பேசற வக்கீலு, பேசாம இருமறதோட நிறுத்திக்கற பேங்க் மேனேஜரு, யாரைக் கேட்டாலும் அந்த ஆளு அப்படியே வந்து நிப்பாரு.

இன்னொரு பைத்தியமும் உண்டு. ரெக்கார்டு. கறுப்பா, வட்டமா, ஊசி வெச்சுக் கேக்கறது.

அதுலயும் ஒரே ஒரு ரெக்கார்டு. 'நைட் கேன்டீன்'னு ஒரு ஆல்பம். பண்ணினது 'தி பேல் கிளார்க்ஸ்'னு நாலு இங்கிலாந்துப் பசங்க. நீங்களும் நானும் எண்ணெய் தேச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்துல பண்ணினது. போஸ்ட்-பங்க்னு சொல்வாங்க. பங்க்னா ஒரே கூச்சல், எல்லாத்தையும் போட்டு ஒடைக்கறது. போஸ்ட்-பங்க்னா ஒடைச்சுட்டு, ஒடைஞ்ச சில்லுக்கு நடுவுல உக்காந்து யோசிக்கறது.

டிரம்ஸு டைப்ரைட்டர் மாதிரி போகும். கும்முன்னு அதிர்ற பாஸ் கிட்டாரு முன்னால நடக்கும், மத்ததெல்லாம் பின்னால வரும். பாடறவரு பாடமாட்டாரு. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல தண்ணி வரலன்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்கற மாதிரி, ஒரே சுதியில, யாரையும் நிமிந்து பாக்காம சொல்லிக்கிட்டே போவாரு.

பிடிச்சுதுன்னா விடாது. குணசீலனுக்குப் பிடிச்சுது.

பிடிச்ச இன்னொரு ஆளு ரகோத்தமன். காலேஜ்ல கெமிஸ்ட்ரி புரொபசரு. சேலத்துல இந்த ஆல்பத்தைக் கேட்ட ஆளுங்க மொத்தமே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சுக்கிட்டதே பெரிய விஷயம்.

இவருகிட்ட இங்கிலாந்து பிரஸ்ஸிங். அவருகிட்ட ஜப்பான் பிரஸ்ஸிங்.

பிரஸ்ஸிங்னா வேற ஒண்ணுமில்ல. பாட்டு ஒண்ணுதான். அச்சடிச்ச ஊரு வேற. ஒரே மாவு, வேற வேற இட்லித் தட்டு. இட்லி ஒண்ணுதானேன்னு சொல்ற ஆளுங்க இத்தோட எந்திரிச்சுப் போயிரலாம்.

ஞாயித்துக்கிழமை ஆனா ரகோத்தமன் துணிப்பையில ஜப்பான் தட்டை வெச்சுக்கிட்டு குணசீலன் வீட்டுக்கு வந்துருவாரு. முதல்ல இங்கிலாந்து ஓடும். அப்புறம் ஜப்பான் ஓடும். அப்புறம் சண்டை ஓடும்.

"ஜப்பான் ரொம்ப சுத்தம்டா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பினாயில் வாசனை வருது."

"உன் இங்கிலாந்துல பாஸ் வருது பாரு, மாடிப்படியில பீரோவ எறக்கற மாதிரி. கேட்டா வெயிட்டுங்கறே."

"பீரோன்னா வெயிட்டாத்தான் இருக்கும்."

"பாட்டுக்கு எதுக்குடா பீரோ?"

இப்படியே கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டி பெத்து, தலை நரைச்சுது. தோத்தவரும் இல்ல, ஜெயிச்சவரும் இல்ல. அதுதான் ருசியே.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அது நின்னு போச்சு.

*

"அவன்கிட்ட பேசி அஞ்சு மாசம் ஆச்சு டீச்சர்" அப்படின்னாரு குணசீலன்.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவரு ரகோத்தமன் பேரைச் சொல்றதில்ல. வெறும் 'அவன்'தான்.

"ம்."

"மார்கழி முடிஞ்சதும் ஊரைக் காலி பண்றானாம். ஐதராபாத்ல பொண்ணு வீட்டோட போறானாம். என்கிட்ட சொல்லல. மண்டியில ஒருத்தன் சொல்லித் தெரியுது."

"ம்."

"வீட்டுல அவன் உக்கார்ற நாற்காலி மேல இப்பத் துணி மடிச்சு வெக்கறாங்க."

டீச்சர் டம்ளரைக் கீழ வெச்சாங்க.

"போய்ப் பாக்கலாமே?"

"போவேன். எதுவும் தெரியாம எப்படிப் போறது? ஜப்பான்தான் ஒஸத்தின்னு நீங்க சொல்லிட்டா, நான் தோத்தேன், படியேறிப் போயி ஒத்துக்கறேன். இங்கிலாந்துன்னு சொல்லிட்டா, அவன் என் வீட்டுப் படியேறி வரணும். எதாவது ஒண்ணு முடிவாகணும் டீச்சர். இல்லாட்டி அவன் அப்படியே ரயில் ஏறிடுவான்."

டீச்சர்கிட்ட வந்ததுக்குக் காரணம் இருக்கு. ரெக்கார்டு சேக்கற ஆளுங்களுக்குள்ள ஏதாவது தகராறுன்னா, மலையேறி இவங்ககிட்டதான் வருவாங்க. ஈரோட்டுக்காரர் ஒருத்தர், தன்னோட ரெக்கார்டு முதல் அச்சா, பின்னால அடிச்சதான்னு கேட்டு வந்தாரு. டீச்சர் ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டாங்க. "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"ன்னாங்க. அவரு பதில் சொல்லாம எறங்கிப் போனாரு. இன்னிக்கு வரைக்கும் டீச்சர் சொன்னது முதல் அச்சுன்னுதான் அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு.

குணசீலனோட சொந்த வண்டி சர்வீஸுல கெடந்துச்சு. அதனால டாக்ஸி பேசிக்கிட்டு வந்திருந்தாரு. டிரைவரு பேரு இளவழகன். ரெக்கார்டு இருந்த பெட்டியத் தூக்கிட்டு உள்ள வந்தவன், காப்பி கெடைக்கும் போல இருக்கவும் வாசப்படியிலயே உக்காந்துட்டான்.

கெடைச்சுது.

*

டீச்சர் முதல்ல இங்கிலாந்து தட்டைப் போட்டாங்க.

பாஸ் எறங்கி வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி லேசா அதிந்துச்சு.

அப்புறம் ஜப்பான் தட்டு. ஜப்பான் ரெக்கார்டு கவருக்கு இடுப்புல ஒரு காகிதப் பட்டை இருக்கும், ஒட்டியாணம் மாதிரி. டீச்சர் அதைப் பதமா உருவி எடுத்து, ஓரமா வெச்சுட்டு, ஊசிய எறக்கினாங்க.

அதே பாட்டு. ஆனா சத்தத்துக்கு நடுவுல எடம் இருந்துச்சு. ஆளு நடக்கலாம் போல.

குணசீலன் கண்ணை மூடிக்கிட்டு விரலை மட்டும் தூக்கினாரு.

"இப்ப. ரெண்டாவது பாட்டு. அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி. கேளுங்க."

கேட்டாங்க.

"ஒரு நாற்காலி. கிரீச்சுன்னு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாரோ நகந்து உக்கார்றாங்க. பாடறவரா, ரிக்கார்டிங் பண்றவரான்னு தெரியல. இங்கிலாந்து தட்டுல அது பாஸுக்கு அடியில பொதைஞ்சு போச்சு. ஜப்பான்ல மட்டும் கேக்கும். அதுவும் பழகின காதுக்குத்தான்." தூக்கின விரலை எறக்கிட்டுச் சொன்னாரு. "அந்த நாற்காலியக் கண்டுபிடிச்சது அவன்தான். ஒத்துக்கணும். அவன் காட்டின பின்னாடிதான் எனக்கே கேட்டுச்சு."

டீச்சர் ஊசிய எடுத்தாங்க. தட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சு.

"சொல்லுங்க டீச்சர். எது?"

"மூணாவதைக் கேக்காம எப்படிச் சொல்றது?"

குணசீலன் பெட்டியப் பாத்தாரு. காலி.

"ரெண்டுதான் டீச்சர் இருக்கு."

"மூணு கொண்டு வந்திருக்கீங்க. அந்த ஞாயித்துக்கிழமை."

"அது தட்டு இல்லியே."

"எங்கயோ எவனோ நாற்காலி நகத்தினது கேட்டுச்சுல்ல? உங்க கூடத்துல நடந்ததும் கேட்டிருக்கும். போடுங்க. கேப்போம்."

*

மிமிக்ரி பண்றவரைப் பண்ணச் சொன்னா அப்புறம் நிறுத்த முடியுமா.

குணசீலன் எந்திரிச்சாரு. தோளை விரிச்சாரு. முகம் மாறிச்சு, கழுத்து நரம்பு தெரிஞ்சுது. வாசப்படியில இருந்த இளவழகன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாம பாத்துக்கிட்டு இருந்தான்.

"நான் பாட்டுக்குத் தட்டை ஓடவிட்டு உக்காந்திருந்தேன். நாற்காலி எடம் வந்துச்சு. 'கேட்டுச்சாடா?'ன்னேன். ஒரு வார்த்தை, சாதாரணமாத்தான் கேட்டேன். அவ்வளவுதான். அவன் எந்திரிச்சான். கண்ணு ரெண்டும் செவந்துருச்சு. 'நிறுத்துடா. போதும். நீயும் உன் ரெக்கார்டும் உன் நாற்காலியும். நீயே கட்டிக்கிட்டு அழு'ன்னு கத்திட்டு, ஜப்பான் தட்டை என் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுப் போயிட்டான்."

பல்லைக் கடிச்சுக்கிட்டு, மீசை முறுக்கற வில்லன் குரல்ல சொன்னாரு.

வாசப்படியிலேருந்து இளவழகன் சொன்னான்.

"இந்த மாதிரி ஆளோட சகவாசமே எதுக்குங்க சார்? போனாப் போகட்டும்னு விடுவீங்களா."

"கேட்டீங்களா டீச்சர்? கேக்கறவன் சொல்றான் பாருங்க."

டீச்சர் ஆம்ப்ளிபயர் பக்கம் திரும்பினாங்க. தட்டுல ஊசி இல்ல, ஸ்பீக்கர்ல சத்தம் இல்ல. ஆனாலும் சத்தம் வெக்கற திருகைப் பிடிச்சுப் பாதி கொறைச்சாங்க.

அப்புறம் ஜப்பான் தட்டோட கவரை எடுத்து, நாலு முனையையும் கட்டை வெரலால தடவினாங்க.

"முனை எப்படி இருக்கு?"

குணசீலனுக்கு முனையப் பத்திக் கேட்டா எல்லாம் மறந்துரும்.

"ஒண்ணாம் நம்பர் முனை டீச்சர். புது பிளேடு மாதிரி. இந்த வயசு கவர்ல இப்படிப் பாக்கவே முடியாது."

"விட்டெறிஞ்ச கவரா?"

குணசீலன் தாடியச் சொறிஞ்சாரு.

"இது பின்னாடி அடிச்ச அச்சு" அப்படின்னாங்க டீச்சர். "பாஸை ஏத்தியிருக்கு. முதல் அச்சைப் போடுங்க."

*

"சரி, விட்டெறியல. விட்டெறிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"மாதிரி வேண்டாம்."

"மேசை மேல வெச்சான். 'டமால்'னு."

பீப்.

விசிலு. சின்னதா ஒண்ணு. மலையில மூணு வீடு தள்ளி ஒரு நாய் குரைச்சுது.

"என்ன டீச்சர்?"

"டமால் உங்களுது."

"அவன் வெச்ச வேகத்துல..."

"இந்தக் காகிதப் பட்டை." டீச்சர் ஒட்டியாணத்தை வெரல் நுனியில தூக்கிக் காட்டினாங்க. "ரெக்கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கழட்டியிருப்பீங்க. இது கவர்ல திரும்ப எப்படி ஏறிச்சு?"

"அவன்தான் மாட்டினான்."

"கோவத்துலயா?"

குணசீலன் பட்டையப் பாத்தாரு.

அந்தப் பட்டைய மாட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல. பழைய காகிதம். இழுத்தா கிழியும், மடக்கினா வெடிக்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மாட்டணும். கோவத்துல எவனும் மாட்ட முடியாது. அது அவருக்கே தெரியும். அவரு மாட்டறப்ப வீட்டுல மிக்ஸி ஓடக் கூடாது.

"இல்ல" அப்படின்னாரு. "நெதானமா மாட்டினான். நான் பாத்துக்கிட்டே நின்னேன். நேரம் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"தட்டை உள் கவர்ல போட்டான். வெளிக் கவர்ல போட்டான்."

"அதுக்கு முன்னாடி?"

"ஊசிய எடுத்தான். என் பிளேயர்ல அவன் கை வெச்சதே கெடையாது. நான்தான் எடுப்பேன். அன்னிக்கு அவனே எடுத்தான். அதுதான் எனக்கு..."

விசிலு வாய்க்குப் பக்கத்துல போச்சு. குணசீலன் அந்த வாக்கியத்தை அங்கயே விட்டுட்டாரு.

"அதுக்கும் முன்னாடி."

"'கேட்டுச்சாடா?'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பவும் கேட்டேன். அப்பவும் சொல்லல. திமிரு டீச்சர். ஸ்பீக்கருக்குப் பக்கத்துலேயே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தான். வழக்கமா உக்கார்ற எடத்துல இல்ல. தலைய இப்படி ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு. பெரிய இவன் மாதிரி."

பீப்.

"பெரிய இவன் நீங்க சேத்தது."

"சரி. தலைய சாச்சிருந்தான். அவ்வளவுதான்."

மூணாவது வீட்டு நாய் திரும்பவும் குரைச்சுட்டு, பதிலுக்கு யாரும் இல்லன்னு விட்டுருச்சு.

டீச்சர் காப்பி டம்ளரை ஓரமாத் தள்ளிவெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க. ரெக்கார்டு கேக்க உக்கார்ற மாதிரியே.

"இப்ப முதல்லேருந்து."

*

குணசீலன் உடனே ஆரம்பிக்கல.

ஊர்ல யாரை வேணா செஞ்சு காட்டுவாரு. ரகோத்தமனையும் முன்னெல்லாம் செய்வாரு. ரகோத்தமன் முன்னாடியே செய்வாரு, அவரு விழுந்து விழுந்து சிரிப்பாரு, "இன்னொரு தடவை பண்ணுடா"ன்னு கேட்டுக் கேட்டு ரசிப்பாரு. இந்த அஞ்சு மாசமா மண்டியில சொன்னதெல்லாம் வேற ஆளு. சொல்லச் சொல்ல மீசை வளந்துச்சு, கண்ணு செவந்துச்சு. ஜனங்களுக்குப் பிடிச்சுது. அதுவே நெலைச்சுப் போச்சு.

இப்ப அந்த மீசைய எடுக்கணும்.

கண்ணாடி போட்டிருக்கற மாதிரி மூக்கைச் சுருக்கினாரு. தோளை எறக்கினாரு. தொண்டைய ஒரு தடவை செருமினாரு. ரகோத்தமன் பேசறதுக்கு முன்னாடி எப்பவும் செருமுவாரு, கரும்பலகைய அழிக்கற மாதிரி.

கை தானா நீண்டுச்சு. இல்லாத ஊசிய எடுத்துச்சு. இல்லாத தட்டை ரெண்டு ஓரமும் பிடிச்சுத் தூக்கி, வெளிச்சத்துல ஒரு தடவை திருப்பிப் பாத்துச்சு.

"அப்படிப் பாத்தாரா?" டீச்சர் மெதுவாக் கேட்டாங்க.

"பாத்தான்." குணசீலனுக்கே அது இப்பதான் ஞாபகம் வந்துச்சு. "ரொம்ப நேரம் பாத்தான்."

உள் கவரு. வெளிக் கவரு. ஒட்டியாணம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மாட்டினாரு.

அப்புறம் நீட்டினாரு.

ரெண்டு கையாலயும்.

டீச்சர் அந்தக் கையவே பாத்தாங்க. கோயில் தட்டை நீட்டற மாதிரி, அடியில தாங்கி, ரெண்டு கை.

குணசீலனும் தன் கையப் பாத்தாரு. இதை அவரு அஞ்சு மாசமா யாருக்கும் செஞ்சு காட்டினதில்ல.

"சொன்னாரா ஏதாவது?"

"சொன்னான்."

"சொல்லுங்க."

செருமினாரு. அப்புறம் பேசினது குணசீலன் இல்ல. கெமிஸ்ட்ரி புரொபசர் ஒருத்தரு, கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்னு, கூடம் அதிர்ற மாதிரி.

"இது இங்கயே இருக்கட்டும்ப்பா, என்ன? நான் கெளம்பறேன், என்ன?"

ஜன்னல் கண்ணாடி அதிந்துச்சு, பாஸுக்கு அதிந்த மாதிரி.

டீச்சர் விசிலைத் தொடல.

"இதுல சத்தம் நான் சேக்கல டீச்சர்" அப்படின்னாரு குணசீலன். குரல் அவருதாயிருச்சு. "சத்தியமா. இவ்வளவு சத்தமாத்தான் சொன்னான். ஒரு அடி தள்ளி நின்ன என்கிட்ட, தெருவுக்கே கேக்கற மாதிரி. அதுதான் எனக்குச் சுருக்குனு ஆச்சு. சமையக்கட்டுலேருந்து எம் பொண்டாட்டி எட்டிப் பாத்தா. அவ எதிர்ல என்னைக் கத்திட்டான்னு ஆயிருச்சு."

"கோவம் இருந்துச்சா?"

"இல்ல. இப்பச் செஞ்சு பாக்கறப்பத்தான் தெரியுது. வார்த்தையில கோவமில்ல. முகத்துலயும் இல்ல. 'என்ன? என்ன?'ன்னு கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. ஆனா சத்தம் மட்டும் அவ்வளவு. ஏன்னுதான் தெரியல."

"போன் பண்ணிக் கேக்கலியா?"

"பண்ணினேன். எடுக்கல. அப்புறம் நான் எதுக்குப் பண்ணணும்?"

டீச்சர் சம்மணம் கலையாம உக்காந்திருந்தாங்க. பதில் சொல்ற முகமா அது இல்ல. ரெக்கார்டு முடிஞ்ச பின்னாடி, ஊசி உள் வட்டத்துல சுத்தற சத்தத்தைக் கேக்கற முகம்.

"முதல் அச்சு இதுதான்" அப்படின்னாங்க. "இதுக்கு மேல எனக்கும் தெரியாது."

"அப்ப ஜப்பானா, இங்கிலாந்தா?"

டீச்சர் வாயத் தொறக்கறதுக்குள்ள வாசப்படியிலேருந்து சத்தம் வந்துச்சு.

"ஏனுங்க சார், கடைசியாப் பேசினீங்களே, அது ரகோத்தமன் புரொபசர்தானுங்க?"

குணசீலன் திரும்பினாரு.

இளவழகன் காலி டம்ளரோட எந்திரிச்சு நின்னிருந்தான். வாய் நெறையச் சிரிப்பு. தெரிஞ்ச ஆளைத் தெரியாத ஊர்ல பாத்த சிரிப்பு.

"முதல்ல ஒருத்தரைப் பண்ணினீங்களே, அது யாரோ ரவுடின்னு நெனச்சேன். இப்பப் பண்ணினது அச்சு அசல் அவரேதானுங்க. அந்த 'என்ன? என்ன?' இருக்கு பாருங்க. அவரேதான்."

"உனக்கு எப்படித் தெரியும் அவரை?"

"தெரியாமங்க? மாசா மாசம் கோயமுத்தூருக்கு நான்தான கூட்டிட்டுப் போறேன், காது டாக்டர்கிட்ட. ஒரு காது போன வருசமே சுத்தமாப் போயிருச்சுங்க. இன்னொண்ணும் ஆடியிலேருந்து சரசரன்னு எறங்கிக்கிட்டே வருதாம், மெஷின் வெச்சும் பிரயோசனம் இல்லேன்னுட்டாங்க. தான் பேசறது தனக்கே கேக்காதில்லீங்களா, அதான் அப்படிக் கத்திப் பேசுவாரு. மொத நாளு திட்டறாருன்னு நெனச்சு நான் அவினாசியில வண்டியவே ஓரங்கட்டிட்டேன். பாத்தா, டீ குடிக்கலாமான்னு கேட்டிருக்காரு பாவம்."

குணசீலன் நின்ன எடத்துலயே நின்னாரு. ரெண்டு கையும் இன்னும் நீட்டினபடியே இருந்துச்சு.

இளவழகன் அதைக் கவனிக்கல. சொல்ல ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் நிறுத்துவான் அவன்.

"பாட்டுன்னா உசுருங்க அவருக்கு. ஏதோ ஜப்பான் தட்டாம், அதைக்கூடத் தூக்கி ஒரு சிநேகிதருக்குக் குடுத்துட்டாராம். ஏனுங்க குடுத்தீங்கன்னு எழுதிக் காட்டிக் கேட்டேன். 'அவனுக்குத்தான்ப்பா நல்ல காது'ன்னாரு."